தோல் இல்லாத குமிழி

பெங்களூரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் பழகியிருக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி டிஸ்பென்சர் மேல் கவிழ்த்து வைக்கிறோம். கீழே குழாயைத் திறந்ததும் கேனுக்குள் ஒரு ‘குபுக்’. கழுத்து வழியாக நுழைந்த காற்று பெரிய குமிழியாக மேலே ஏறுகிறது. ஏறும்போதே அதன் தலை தட்டையாகிறது, அடிப்பக்கம் உள்ளே குழிகிறது, சில சமயம் பாதி வழியில் இரண்டு மூன்றாக உடைகிறது.

விடுமுறைக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து அல்சூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகள் இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். “மாமா, இந்தக் காத்து ஏன் உருண்டையாவே மேல போக மாட்டேங்குது? சரி, உடையுதுன்னா ஏன் மொத்தமா தூள் தூளா சிதறாம நின்னுடுது?” என்று கேட்டாள்.

இரண்டுமே நல்ல கேள்விகள். வானியற்பியலில் ஒரு கூட்டம் இதே இரண்டு கேள்விகளைக் கால் நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய குமிழி மட்டும் பல்லாயிரம் ஒளியாண்டு அகலம். குழாய்களுக்குள் எண்ணெயும் வாயுவும் எப்படி ஓடும் என்று கணக்கிடும் நிரல்களை எழுதுவது என் வேலை. என் குழாயில் ஓடும் சமன்பாடுகள்தான், காந்தப்புலம் என்ற ஒன்றைக் கூடச் சேர்த்துக்கொண்டு அங்கேயும் ஓடுகின்றன. அதனால் எனக்கு இந்த விஷயத்தின் மேல் தனிப் பிரியம். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடம். நம் பால்வழி மாதிரி நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் ஈர்ப்பு விசையால் ஒன்றாகக் கட்டுண்டு இருப்பதைக் கேலக்ஸிக் கொத்து என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கொத்தில் கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்கள் மொத்த எடையில் ஒரு சிறு பங்குதான். பெரும்பகுதி கரும்பொருள், அதாவது ஒளிராமல் ஈர்ப்பு விசையால் மட்டும் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். அதற்கு அடுத்தபடியாக, நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட அதிக எடையில் இருப்பது, கேலக்ஸிகளுக்கு இடையில் நிறைந்திருக்கும் வாயு. அதன் வெப்பம் 1 கோடி முதல் 10 கோடி டிகிரி வரை. அந்தச் சூட்டில் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று தனியாக ஓடும். அந்த நிலைதான் பிளாஸ்மா. இவ்வளவு சூடு என்றாலும் அடர்த்தி மிகக் குறைவு. கொத்தின் மையத்துக்குப் பக்கத்திலேயே நம் தண்ணீர் கேனைக் கொண்டுபோய்த் திறந்து மூடினால், உள்ளே அகப்படுவது சில நூறு புரோட்டான்களாக இருக்கும். அவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கான ஒளியாண்டுக்கு அது பரவியிருப்பதால், எக்ஸ் கதிரில் பார்க்கும்போது கொத்து முழுவதும் ஒளிர்கிறது.

நமக்கு 24 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் பெர்சியஸ் கொத்தை 1993-ல் ரோசாட் என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வழியாகப் பார்த்தவர்கள், நடுவில் இரண்டு இடங்களில் வெளிச்சம் குறைவாக இருப்பதைக் கவனித்தார்கள். 1999-ல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கி அடுத்த ஆண்டே அதைத் தெளிவாகக் காட்டிவிட்டது: சூடான வாயுவில் குடைந்தெடுத்த மாதிரி இரண்டு பள்ளங்கள். ரேடியோ அலையில் பார்த்தால் அதே பள்ளங்கள் பளிச்சென்று நிறைந்திருந்தன. அதாவது எக்ஸ் கதிருக்கு இருட்டு, ரேடியோவுக்கு வெளிச்சம். ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது ரேடியோ அலை வரும். ஆகவே பள்ளத்துக்குள் இருப்பது வெற்றிடம் இல்லை. அடர்த்தி மிகக் குறைந்த, காந்தப்புலம் ஊடுருவிய பிளாஸ்மா. அதை ஊதியது நடுவில் இருக்கும் என்ஜிசி 1275 என்ற கேலக்ஸியின் கருந்துளை. சுற்றியிருக்கும் வாயுவில் கொஞ்சத்தை விழுங்கும் கருந்துளை, இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சுகிறது. தாரை மோதி நிற்கும் இடத்தில் குமிழி உப்புகிறது.

பூரி உப்புகிற மாதிரி என்று அக்கா மகளிடம் சொன்னேன். உப்பும் வரைக்கும் அந்த உவமை சரி. அதற்கு அப்புறம் சரிவராது, ஏன் என்று கீழே வருகிறேன்.

இந்தக் குமிழிகள் வெறும் வேடிக்கைப் பொருள் இல்லை. எக்ஸ் கதிரை வீசிக்கொண்டிருக்கும் வாயு ஆற்றலை இழக்கிறது, ஆகவே ஆற வேண்டும். மையத்தில் இருக்கும் வாயு 100 கோடி ஆண்டுகளுக்குள் ஆறி, ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான சூரியன்கள் எடைக்கு நட்சத்திரங்களாக மாற வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. பார்த்தால் அப்படி நடக்கவில்லை. அடுப்பை யாரோ எரிய விட்டிருக்கிறார்கள். குமிழிகளை ஊதத் தேவைப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, பல கொத்துகளில் அது வாயு இழக்கும் ஆற்றலுக்கு ஏறத்தாழ ஈடாக இருந்தது. எம்எஸ் 0735 என்ற கொத்தில் ஒரு குமிழியே சுமார் 6 லட்சம் ஒளியாண்டு அகலம். நம் பால்வழியின் அகலம் சுமார் 1 லட்சம்தான். எரிபொருள் போதும் என்பது தெரிந்துவிட்டது. அந்தச் சூடு குமிழியிலிருந்து வாயுவுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? குமிழி எங்கே உடைகிறது, எப்போது உடைகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். இதற்காகத்தான் சிமுலேஷன், அதாவது கணினிக்குள் குமிழியை விட்டு நடத்திப் பார்ப்பது.

சரி, குமிழி ஏன் ஏறுகிறது? கேனில் நடப்பதேதான். சுற்றியிருப்பதைவிட லேசானது மேலே மிதக்கும். கொத்தில் ‘மேலே’ என்றால் மையத்திலிருந்து வெளியே. வாயுவில் ஒலி நொடிக்கு சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் போகும். குமிழி அதற்கும் குறைவாக, நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஏறும். சில கோடி ஆண்டுகள் ஏறினால் மையத்தைவிட்டு நன்றாக விலகிவிடும்.

உடைவதில்தான் வேறுபாடு. தண்ணீருக்குப் பரப்பு இழுவிசை உண்டு. குமிழியின் மேல் சின்னச் சுருக்கம் விழுந்தாலும் அது இழுத்துச் சரிசெய்துவிடும். அதனால்தான் கேனில் பெரிய குமிழி உடைந்தாலும் சின்னக் குமிழிகளாக நின்றுவிடுகிறது, தூள் தூளாவதில்லை. பூரிக்கு மாவே தோல். பிளாஸ்மாவுக்கு இந்த இரண்டும் கிடையாது. உள்ளேயும் வாயு, வெளியேயும் வாயு, நடுவில் எதுவுமே இல்லை. அப்படியானால் அது எப்படி நிற்கிறது?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, வாயை அட்டையால் மூடிக் கவிழ்த்துங்கள். அட்டையிலிருந்து கையை எடுத்தாலும் தண்ணீர் விழாது, காற்றழுத்தம் தாங்கும். காற்றழுத்தத்துக்குச் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் பலம் இருக்கிறது, ஒரு டம்ளர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. இப்போது அட்டையை உருவினால் தண்ணீர் கொட்டிவிடும். அதே காற்றழுத்தம் அப்படியே இருக்கிறதே, ஏன் கொட்டியது? கனமான தண்ணீர் மேலேயும் லேசான காற்று கீழேயும் இருக்கும்போது, நடுவில் உள்ள பரப்பில் மிகச் சிறிய மேடுபள்ளம் இருந்தாலும் அது வளரும். பள்ளம் விரலாக நீண்டு இறங்கும், மேடு குமிழியாக ஏறும். இதற்கு ரேலே–டெய்லர் நிலைகுலைவு என்று பெயர். ஏறும் பிளாஸ்மாக் குமிழியின் தலைக்கு மேல் கனமான வாயு இருக்கிறதல்லவா, அங்கே நடப்பதும் இதுதான். பக்கவாட்டில் வேறு ஒன்று நடக்கிறது. ஊதுபத்திப் புகை கொஞ்சம் உயரம் நேராகப் போய், அப்புறம் சுருள் சுருளாக மடிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றை ஒன்று உரசி வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரண்டு அடுக்குகள் அப்படிச் சுருளும். அது கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் நிலைகுலைவு.

காந்தப்புலம் இல்லாமல், பாகுநிலையும் (தேன் மாதிரி ஓட்டத்தைத் தடுக்கும் உள் உராய்வு) இல்லாமல் கணினியில் குமிழியை விட்டால் இந்த இரண்டும் சேர்ந்து அதைச் சீக்கிரமே கிழித்துவிடுகின்றன. முதலில் காளான் வடிவம், அப்புறம் வளையம், அப்புறம் கந்தல். வானத்திலோ, கருந்துளை ஊதுவதை நிறுத்திப் பல கோடி ஆண்டு ஆன பிறகும் முழுசாக மிதக்கும் பழைய குமிழிகள் இருக்கின்றன. பெர்சியஸிலேயே வெளிவட்டத்தில் அப்படிப்பட்டவை உண்டு. கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

மறுபடி டம்ளருக்கு வருவோம். இந்த முறை அட்டைக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் துணியை நனைத்து வாயில் இறுகக் கட்டிக் கவிழ்த்துங்கள். துணியில் ஆயிரம் ஓட்டை இருந்தும் தண்ணீர் விழாது. ஒவ்வொரு ஓட்டையும் மிகச் சிறியதாக இருப்பதால், அந்த அளவுக்குள் பரப்பு இழுவிசையை மீறி எந்த விரலாலும் வளர முடியவில்லை. காந்தப்புலம் குமிழிக்குச் செய்வது ஏறக்குறைய இதுதான். பிளாஸ்மாவுக்குள் காந்தப்புலக் கோடுகள் பதிந்து உறைந்த மாதிரி இருக்கும். பிளாஸ்மா எங்கே போனாலும் கோடும் கூடவே போகும். 1942-ல் காந்தப் பாய்ம அலைகளைக் கணித்துப் பிற்பாடு நோபல் பெற்ற ஹானஸ் ஆல்ஃவேன் தந்த பார்வை இது. கோடு வளைந்தால் இழுத்துக் கட்டிய ரப்பர் மாதிரி நேராகப் பார்க்கும். குமிழிப் பரப்பில் சுருக்கம் விழ வேண்டுமானால் அந்தக் கோடுகளை வளைத்தாக வேண்டும். சுருக்கம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மையான வளைவு, அவ்வளவு எதிர்ப்பு.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதில் நான் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் உண்டு, குறுக்கே ஓடும் ஊடை நூலும் உண்டு. ஒரே திசையில் ஓடும் காந்தப்புலமோ ஊடை இல்லாத பாவு. நூலின் நீளவாக்கில் அலை எழுந்தால் நூல் வளைய வேண்டும், அதனால் தடுக்கும். குறுக்குவாக்கில் அலை எழுந்தால் எந்த நூலும் வளைய வேண்டியதில்லை. நூல்கள் கொஞ்சம் விலகி வழிவிடும், வாயு நடுவில் நழுவிவிடும். ஆக, குமிழி ஒரு திசையில் வழவழப்பாகவும் இன்னொரு திசையில் கிழிந்தும் இருக்கும். சிமுலேஷன் செய்பவர்கள் சிலசமயம் நேரத்தை மிச்சப்படுத்த இரண்டு பரிமாணத்தில் கணக்குப் போடுவார்கள். அந்தத் தட்டைப் படத்தின் தளத்துக்குள்ளேயே புலத்தை வைத்தால், குமிழி அழகாக முழுசாக நிற்கும். மூன்றாவது பரிமாணத்தைத் திறந்துவிட்டால் குறுக்குவாக்கு வழியும் திறந்துவிடும். தட்டைப் படத்தை மட்டும் நம்பியவர் ஏமாந்துபோவார். குமிழிக்குள் புலம் கயிறு திரித்த மாதிரி முறுக்கியோ, பல திசையிலும் பின்னியோ இருந்தால்தான் பாவும் ஊடையும் சேர்ந்த துணி கிடைக்கும். எனவே “காந்தப்புலம் எவ்வளவு பலம்?” என்பதோடு “எப்படிப் பின்னியிருக்கிறது?” என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விதான் கடினம்.

காந்தப்புலம் இருந்தால் இந்த நிலைகுலைவுகள் எப்படி மாறும் என்பதைக் காகிதத்தில் விரிவாகக் கணக்கிட்டவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1961-ல் வெளிவந்த அவருடைய ‘ஹைட்ரோடைனமிக் அண்ட் ஹைட்ரோமேக்னெடிக் ஸ்டெபிலிட்டி’ என்ற பெரிய நூலில் ரேலே–டெய்லருக்கும் கெல்வின்–ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. இந்தக் குமிழிகளைப் படம்பிடித்த சந்திரா தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். அவருடைய சித்தப்பா சர் சி.வி. ராமன் 1948-ல் தொடங்கிய ஆய்வு நிறுவனம், பெங்களூரில் மேக்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிறது. அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொடர்பு நினைவுக்கு வரும், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.

கொத்தின் வாயுவில் காந்தப்புலம் மிகப் பலவீனமானது, பூமியின் புலத்தில் ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. வாயுவின் அழுத்தம் அந்தப் புலத்தின் அழுத்தத்தைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகம். இவ்வளவு பலவீனமான நூல் எப்படிக் குமிழியைத் தாங்கும் என்று சந்தேகம் வருவது நியாயம். விடியற்காலையில் கப்பன் பூங்காவில் மரங்களுக்கு நடுவே நடந்தால், கண்ணுக்கே தெரியாத சிலந்தி இழைகள் முகத்தில் வந்து ஒட்டும். ஓரிழை ஒன்றும் செய்யாது. நடக்க நடக்க ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் ஒரு படலமே படிந்துவிடும். ஏறும் குமிழியும் வழியில் இருக்கும் புலக் கோடுகளை இப்படி வாரிச் சேர்த்துக்கொள்கிறது. அவை தலையில் நெருங்கி, இழுபட்டு, அந்த மெல்லிய அடுக்கில் மட்டும் புலம் பல மடங்கு பலமாகிறது. தோல் இல்லாத குமிழி போகிற வழியிலேயே தனக்கு ஒரு தோலை நெய்துகொள்கிறது.

இனி கணினி. சிமுலேஷன் என்றால் படம் வரைவது என்று பலர் நினைக்கிறார்கள். அது வரவு செலவுக் கணக்கு. 3 லட்சம் ஒளியாண்டு பக்கம் உள்ள ஒரு கன சதுரப் பெட்டியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் 512 துண்டாக வெட்டுங்கள். 13 கோடிக்கும் மேற்பட்ட சிறு அறைகள் கிடைக்கும். ஒவ்வோர் அறைக்கும் எட்டு எண்கள்: அடர்த்தி, ஆற்றல், வேகத்துக்கு மூன்று திசை, காந்தப்புலத்துக்கு மூன்று திசை. இந்த எண்களை வைத்துக்கொள்ளவே சுமார் 8.6 ஜிகாபைட் நினைவகம் வேண்டும். காலத்தைச் சின்னச் சின்ன அடிகளாக நகர்த்த வேண்டும். அப்படி வைக்கும் ஒவ்வொரு காலடியிலும், பக்கத்து அறையிலிருந்து எவ்வளவு வந்தது, இங்கிருந்து எவ்வளவு போனது என்று எல்லா அறைக்கும் எழுத வேண்டும்.

காலடி எவ்வளவு நீளம் வைக்கலாம்? ஒரு காலடிக்குள் எந்தச் செய்தியும் ஓர் அறையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. 1928-ல் கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் சொன்ன விதி இது. நம் அறை ஒன்றின் நீளம் சுமார் 590 ஒளியாண்டு. குமிழிக்கு உள்ளே அடர்த்தி நூறில் ஒரு பங்கு என்று வைத்தால், அழுத்தம் உள்ளும் வெளியும் ஒன்றாகவே இருப்பதால், அங்கே ஒலியின் வேகம் பத்து மடங்காகி நொடிக்கு 10,000 கிலோமீட்டர் ஆகிவிடும். அந்த வேகத்தில் ஓர் அறையைக் கடக்க 17,000 ஆண்டுக்குக் கொஞ்சம் மேலே. பாதுகாப்புக்காக அதில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் ஒரு காலடி சுமார் 6,000 ஆண்டு. 10 கோடி ஆண்டைக் கடக்க 16,000-க்கும் அதிகமான காலடிகள், ஒவ்வொன்றிலும் 13 கோடி அறைகள். கிட்டத்தட்ட காலியாக இருக்கும் குமிழிதான் கணக்கில் அதிகம் செலவு வைக்கிறது. துல்லியத்தை இரட்டிப்பாக்க நினைத்தால் அறைகள் எட்டு மடங்கு, காலடிகள் இரண்டு மடங்கு, மொத்தம் பதினாறு மடங்கு வேலை. நம்மூர் இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) 2022-ல் நிறுவிய பரம் பிரவேகா போன்ற சூப்பர் கம்ப்யூட்டர்கள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு பெருக்கல் போதும்.

காந்தப்புலத்துக்குத் தனிக் கவனம் ஒன்று வேண்டும். காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் வடக்கும் தெற்கும் சேர்ந்தே இருக்கும், தனி வடக்கு கிடையாது. கணினிக்கு இது தெரியாது. அறை அறையாகத் தோராயமாகக் கூட்டிக் கழிக்கையில், இல்லாத ஒரு தனி வடக்கு எங்காவது முளைத்துவிடும். முளைத்தால் அது பிளாஸ்மாவைப் பொய்யாகத் தள்ளும். இதைத் தவிர்க்கப் புலத்தை அறையின் நடுவில் எழுதாமல் சுவர்களில் எழுதும் முறை ஒன்று இருக்கிறது. ஒரு சுவர் வழியாக நுழைந்த கோடு மறு சுவர் வழியாக வெளியேறியே தீர வேண்டும் என்று கணக்கு ஒவ்வொரு காலடியிலும் தானே நேராகிவிடும். எனக்கு இந்த முறை மேல் பெரிய மரியாதை. தவறு நடந்த பிறகு துடைப்பதைவிட, நடக்கவே இடம் கொடுக்காமல் பெட்டியைக் கட்டுவது எவ்வளவு மேல்!

இன்னொரு ஆபத்து என் வேலையிலும் தினமும் வருவது. அறைகள் பெரிதாக இருந்தால், அறைக்குள் நடக்கும் நுணுக்கம் எல்லாம் சராசரியில் கரைந்துவிடும். கணக்கே ஒரு பொய்ப் பாகுநிலையைச் சேர்த்துவிடும். தேன் மாதிரி எல்லாம் நிதானமாக நகரும். அப்போது குமிழி முழுசாக நின்றால், நிற்கவைத்தது காந்தப்புலமா, கரடுமுரடான அறைகளா என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே குமிழியை இரண்டு மூன்று துல்லியத்தில் ஓட்டிப் பார்க்காமல் யாராவது படம் காட்டினால், அந்தப் படத்தை நான் நம்பமாட்டேன்.

உண்மையான பாகுநிலையும் கொத்தில் இருக்கலாம், அதுவும் குமிழியைக் காப்பாற்றக்கூடும் என்று சிலர் கணக்கிட்டிருக்கிறார்கள். இதிலும் காந்தப்புலம் குறுக்கே வருகிறது. அங்கே ஒரு துகள் இன்னொன்றோடு மோதுவதற்குள் நூற்றுக்கணக்கான ஒளியாண்டு போகும். ஆனால் புலக் கோட்டைச் சுற்றி அது சுழலும் வட்டமோ சில பத்தாயிரம் கிலோமீட்டர்தான். ஆகவே வெப்பமும் உராய்வும் கோட்டின் நீளவாக்கில் தாராளமாகப் போகும், குறுக்கே ஏறத்தாழப் போகவே போகாது. குமிழியைச் சுற்றிய தோல் வெப்பத்துக்கும் சுவராகிவிடுகிறது.

சிமுலேஷன் முடிந்ததும், அதிலிருந்து செயற்கையாக ஓர் எக்ஸ் கதிர்ப் படமும் ஒரு ரேடியோப் படமும் தயாரித்து, உண்மையான படங்களின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். 2016-ல் ஜப்பானின் ஹிட்டோமி விண்கலம், செயலிழப்பதற்கு முன் கிடைத்த சில வாரங்களுக்குள் பெர்சியஸ் மையத்தில் வாயுவின் கொந்தளிப்பை அளந்தது: நொடிக்கு சுமார் 164 கிலோமீட்டர்தான். பலர் எதிர்பார்த்ததைவிட அமைதி. குமிழிகள் வாயுவைக் கண்டபடி கலக்குவதாகக் காட்டும் சிமுலேஷன்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ரேடியோப் பக்கம், புனே அருகே 45 மீட்டர் அகலமுள்ள 30 கிண்ணங்களோடு இருக்கும் ஜிஎம்ஆர்டி தொலைநோக்கி பழைய குமிழிகளைத் தேட மிக ஏற்றது. வயதான எலெக்ட்ரான்கள் ஆற்றல் இழந்து குறைந்த அதிர்வெண்ணில்தான் ஒளிரும், ஜிஎம்ஆர்டி கேட்பதும் அந்த அதிர்வெண்களைத்தான். 2020-ல் ஒஃபியூக்கஸ் கொத்தில் மாபெரும் பழைய குமிழி ஒன்றை உறுதிப்படுத்தியதில் அதன் தரவுகளுக்கும் பங்கு உண்டு.

அக்கா மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவளுடைய மடிக்கணினியில் இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் உருவான புளூட்டோ நிரலை இறக்கிக் கொடுத்தேன், இலவசம்தான். பிரின்ஸ்டனில் உருவான அதீனாவும் அப்படியே. இரண்டு பரிமாணத்தில், 256-க்கு 256 அறைகள் போட்டால் சாதாரணக் கணினியே தாங்கும். கனமான வாயுவின் அடியில் லேசான குமிழி ஒன்றை வைத்து மூன்று முறை ஓட்டச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை காந்தப்புலமே வேண்டாம். இரண்டாம் முறை திரையில் இடமிருந்து வலமாகப் புலம். மூன்றாம் முறை அதே அளவு புலம், ஆனால் திரையைக் குத்திக்கொண்டு நம்மை நோக்கி வரும் திசையில். மூன்றாவது ஓட்டத்தில் குமிழி கிட்டத்தட்ட முதல் ஓட்டத்தைப் போலவே கிழியும். ஏன் என்று அவளாகவே எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பாவு நூலை வரைந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.